நாற்பத்தொன்றாம் பக்கத்தோடு வல்லத்திராக்கோட்டைக்கு ஒரு பயணம்

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை புதுக்கோட்டைப் பக்கம் போனதற்குக் காரணம் கோயிலோ மலையோ அல்ல, ஒரு பொய். ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதி விருந்தாளியைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகத்தை நான் தமிழில் மொழிபெயர்த்து வருகிறேன். அவர் பெயரை இப்போது சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுவீர்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். முப்பது வருடம் முன்பு எங்கள் ஊர் டீக்கடைகளில் அவரைப் படிக்காமலே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தோம். இன்றைக்கு அகதிகளுக்காகப் பேசுகிறவர்களும், சட்டம் படிப்பவர்களும், கட்டடம் வரைபவர்களும்கூட அவரை எடுத்தாள்கிறார்கள்.

வாசலில் வந்து நிற்பவரிடம் முதலில் பெயர் கேட்பதே ஒரு நிபந்தனைதான் என்கிறார் அவர். அடுத்த மூச்சிலேயே, பூட்டே இல்லாவிட்டால் வரவேற்க வீடு ஏது என்றும் கேட்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துகிற இடம் நாற்பத்தொன்றாம் பக்கம். நான்கு முறை முயன்றேன், வரவில்லை. அந்தப் பக்கத்தை உருவிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அச்சுக்கு முன் படித்துக் கருத்துச் சொல்கிற வல்லத்திராக்கோட்டைப் படிப்பு வட்டத்துக்கும் அதே படியைத்தான் அனுப்பினேன். அவர்கள் கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் இல்லாமலே அச்சுக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காலை 6.40-க்கு ஏறினேன். டிக்கெட் ஐம்பது ரூபாய். நார்த்தாமலைக் குன்றுகள் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்காதீர்கள், தூங்கிவிட்டேன். 8.05-க்குப் புதுக்கோட்டை. இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது பேசினேன். தூரம் பதினைந்து கிலோமீட்டர் என்றார் ஓட்டுநர், என் கைப்பேசி பதின்மூன்று என்றது.

“வல்லத்திராக்கோட்டையில எங்கிட்டு சார்? யாரு வீட்டுக்கு?”

“வீட்டுக்கு இல்லைங்க, மோட்டார் கடைக்கு.”

“சாருக்குச் சொந்த ஊரு?”

சொன்னேன்.

“அங்க எந்தத் தெரு?”

இந்தக் கேள்வி உண்மையில் எதைக் கேட்கிறது என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் நான் செய்வது ஒன்றுதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லி மழுப்பினேன்.

9.20-க்கு இறங்கினேன். வட்டம் கூடுவது அந்த மோட்டார் கடையில்தான், பத்து மணிக்கு. கடைக்குள் செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே தண்ணீர் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகுதான், “சொல்லுங்க, என்ன ஹெச்பி மோட்டாரு?” என்றார்.

“மோட்டார் இல்லைங்க, மொழிபெயர்ப்பு.”

அவர் பெயர் ஆரோக்கியம், வட்டத்தில் ஒருவர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் எலக்ட்ரீசியன். வட்டத்தை நடத்துகிற செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பத்து மணிக்குள் வட்டத்தின் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி ஆரம்பித்தார்.

“சார், நாப்பதுக்கு அடுத்து நாப்பத்திரண்டு வருது. நாப்பத்தொண்ணை வேணும்னேதான விட்டீங்க? வராதவுங்களுக்கும் ஒரு எடம் போட்டு வைக்கணும்னு அவரு சொல்றாருல்ல, அதை அப்படியே செஞ்சு காட்டிட்டீங்க. அதான் ஆளுக்கு ஒரு பக்கம் நாங்களே எழுதிட்டோம்.”

ஏழு தாள்களைக் கையில் கொடுத்தார். தலையாட்டிவிட்டால் போதும், நான் மேதை! தலையாட்டக்கூட ஆரம்பித்தேன்.

பிறகு படித்தேன். ஒருவர் பஞ்சாயத்து மேல் புகார் எழுதியிருந்தார். ஒருவர் கல்யாணப் பந்தியைப் பற்றி. ஆரோக்கியம் எழுதியிருந்தது இது. வளைகுடாவில் ஆறு கட்டில் போட்ட அறைக்கு ஏழாவது ஆளாக அவர் போய் நின்றபோது, நம் ஊர்க்காரர்கள் பெயர், ஊர், தெரு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். பாஷை தெரியாத ஒருவன் ஒன்றும் கேட்காமல் தன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். மூன்றாம் நாள் அறையில் திருட்டுப் போனது. அவனே போய்ப் பூட்டு வாங்கி வந்தான். ஒரு சாவியை ஆரோக்கியத்தின் கையில் வைத்தான்.

நான் நான்கு முறை முட்டிக்கொண்ட இடம் அதுதான். பெயர் கேட்காதவனே பூட்டும் வாங்கி வந்திருக்கிறான்.

“வேணும்னு விடலைங்க. எனக்கு வரலை, அதனால மறைச்சுட்டேன்” என்றேன்.

செல்விக்கு முகம் சிவந்தது. “டூட்டி முடிஞ்சு வந்து மூணு வாரம் ஒக்காந்து எழுதியிருக்கேன் சார். கொஞ்சம்கூட மனசு உறுத்தலையா ஒங்களுக்கு?”

உறுத்தியது என்றேன்.

ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டார். “சரி விடுக்கா. சார், அந்தப் பக்கம் கையில இருக்கா? இங்கிட்டு எடுத்துப் போடுங்க. வாயில வர்றபடி சொல்லுங்க, பாப்போம்.”

பிரெஞ்சுப் பக்கத்தை எடுத்து வைத்து வாய்மொழியாகச் சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்திக் குடைந்தார்கள். கோபம் ஆறாமலே செல்வி எழுதிக்கொண்டார். மதியம் 1.15-க்குப் பக்கம் முடிந்தது. அங்கிருந்தே பதிப்பாளரை அழைத்து உண்மையைச் சொன்னேன். வண்டி வண்டியாகத் திட்டிவிட்டு இரண்டு வாரம் கொடுத்தார். முன்னுரையில் ஏழு பேருடைய பெயரும் வரும்.

போக நினைப்பவர்களுக்கு: கூட்டம் மாதத்தின் இரண்டாவது சனி. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆட்டோவுக்கு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நார்த்தாமலை ஏறுவதானால் எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், பாறை சுட்டுவிடும். கையில் ஒரு புத்தகமாவது இருக்கட்டும், ஆனால் பக்கம் எதையும் உருவாதீர்கள். செல்வி எண்ணிப் பார்க்கிறார்.

அந்தத் தத்துவவாதியின் பெயரைக் கடைசிவரை நான் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்ட நீங்களும் கேட்கவில்லை. புத்தகம் வந்ததும் அட்டையில் இருக்கும். அதுவரை அவர் உள்ளே உட்காரட்டும், ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.