சணல் சுற்றிய பாட்டில்

விஷ மருந்துக்கென்று தனிப் பாட்டில் இருந்த காலம் அது. பச்சை நிறம், ஆறு பட்டை, உடம்பெல்லாம் வரிவரியாக மேடு. வெளியே பூசுகிற மருந்தை அதில்தான் ஊற்றிக் கொடுப்போம். எழுத்துத் தெரியாதவர்கூடக் கையில் பிடித்ததும், இது குடிக்கிறதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். யுத்தம் வந்தது, சீமையிலிருந்து அந்தப் பாட்டில் வருவது நின்றது.

கண்டோன்மெண்டில் ஒரு மருந்துக்கடையில் நான் அப்போது கம்பவுண்டர். என் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். பெண் கம்பவுண்டர் என்றால் டாக்டர்களே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்; பார்த்துக்கொள்ளட்டும் என்று இருப்பேன். முதலாளி கெட்டவர் இல்லை. கண்ணாடி அலமாரியைத் தினமும் தன் கையாலேயே துடைக்கிற மனிதர். பச்சைப் பாட்டில் தீர்ந்ததும், குடிக்கிறது பூசுகிறது எல்லாவற்றையும் ஒரே மாதிரி பழுப்புப் பாட்டிலில் ஊற்றச் சொன்னார். சிவப்பு லேபிள் ஒட்டினால் போதுமாம். யாருக்குப் போதும்? லேபிளில் இருப்பதோ இங்கிலீஷ்.

நான் சந்தையில் ஒரு சணல் உருண்டை வாங்கி வந்தேன். லினிமெண்ட், அதாவது பூசுகிற தைலம், அந்தப் பாட்டிலுக்கெல்லாம் கழுத்திலிருந்து அடிவரை நெருக்கமாகச் சுற்றிப் பசை போட்டு ஒட்டினேன். முதலாளிக்கு முகம் சுருங்கியது. சாராயக்கடைச் சரக்கு மாதிரி இருக்கிறதாம், பங்களா ஜனங்கள் சிரிப்பார்களாம். சிரித்தால் சிரிக்கட்டும் என்றேன்.

ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு ரயில்வே கார்டு வருவார், ரிட்டையரானவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், தனியாள். இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது, எழுத்து சுத்தமாகத் தெரியாது. இருமலுக்கு மிக்ஸ்சர், முழங்காலுக்கு லினிமெண்ட், இரண்டும் எங்களிடம்தான். அந்த லினிமெண்டில் அகோனைட், பெல்லடோனா என்று இரண்டு விஷம் இருந்தன. ஒரு மடக்கு உள்ளே போனால் ஆள் மிஞ்சமாட்டார்.

ஒரு காலையில் அவர் வந்து நிற்க, இரண்டையும் தயார் செய்து மேஜைமேல் வைத்தேன். முதலாளி வந்தார், பேனாக்கத்தியை எடுத்தார், கார்டு எதிரிலேயே சணலை அறுத்து உரித்துக் குப்பையில் போட்டார். எனக்கு வந்ததே கோபம்! இவருக்குக் கண் தெரியாதே என்றேன். மூக்கு இருக்கிறதே, வாசனை தெரியாதா என்றார். லினிமெண்டிலும் கற்பூரம், மிக்ஸ்சரிலும் கற்பூரம், ஜலதோஷத்தில் மூக்கடைத்தவருக்கு என்ன வாசனை தெரியும் என்று கேட்டேன். பாவம் கார்டு, தம்மால் சண்டை வேண்டாம் என்று, ஒன்றை மேல்தட்டிலும் மற்றதைக் கீழ்த்தட்டிலும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வீடு பெருக்க வருகிறவள் மாற்றி வைத்துவிட்டால் என்றேன்.

இரண்டு பாட்டிலையும் எடுத்தேன். லேபிளை என் பக்கம் திருப்பி, முதலாளி முன்னால் வைத்தேன்.

"சார், கண்ண மூடிக்குங்க. நான் இடம் மாத்தி வெக்கறேன். ஒண்ண எடுத்து ஒரு மடக்கு குடிங்க. அப்புறம் நான் சணலே சுத்தல."

அவர் கண்ணை மூடவில்லை. கை மட்டும் மேஜை விளிம்புவரை வந்தது, திரும்பிப் போனது.

அவர் பார்க்கப் பார்க்க, லினிமெண்ட் பாட்டிலுக்குப் புதுச் சணல் சுற்றிக் கார்டின் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இது காலு," என்றார். மற்றதைத் தடவினார். "இது நெஞ்சு. போதும்மா, நான் பொழச்சுக்குவேன்."

கார்டு தெருவைத் தாண்டிப் போனார். உடனே முதலாளி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வாடிக்கைக்காரர் முன்னால் அவர் மானத்தை வாங்கிவிட்டேனாம். வாங்கினேன்தான். இன்றைக்கென்றாலும் வாங்குவேன்.

வீட்டில் அம்மா அழுதாள். மன்னிப்புக் கேட்டுவிடு என்றாள். எதற்குக் கேட்பது?

மறுநாள் எட்டு மணிக்கு வழக்கம்போலப் போய்க் கடை வாசலில் நின்றேன். வரவேண்டாம் என்று சொன்னேனே என்றார் முதலாளி.

"அனுப்பிடுங்க சார். ஆனா அலமாரியில மிச்ச லினிமெண்ட் பாட்டில் இருக்கு. அதையெல்லாம் சுத்திட்டுத்தான் போவேன்."

வழியை விட்டார். சாயங்காலம்வரை உட்கார்ந்து சுற்றினேன். போ என்று அவர் மறுபடி சொல்லவில்லை. போகட்டுமா என்று நானும் கேட்கவில்லை.