ஆர்டெலின் கண்ணாடிப் பெட்டி படி இறங்கிய நாள்

ஆர்டெல் மோஸ்பி குப்பை லாரி ஓட்டுகிறவன். செயின்ட் லூயிஸ் நகரின் தெற்குப் பக்கத்தில் அவன் லாரி நுழையாத சந்து கிடையாது. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். அவ்வளவு பெரிய கையை வைத்துக்கொண்டு கட்டைவிரல் அளவு நீலத் தவளைக்கு ஈ தட்டிப் போடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்தவன்தான். அவனுக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டுச் சாமான் தூக்கி வண்டியில் ஏற்றுவது என் பிழைப்பு.

அவன் தவளை வளர்க்கிற கண்ணாடிப் பெட்டியே குப்பையில் வந்ததுதான். யாரோ மீன் வளர்த்துச் சலித்துத் தெருவோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடி மூலையில் விரிசல். ஆர்டெல் சிலிக்கான் பசை பூசி அடைத்தான். அடியில் களிமண் உருண்டைகளைப் பரப்பினான், வடிகிற தண்ணீர் தங்குவதற்கு. அதன் மேல் வலை, வலைமேல் கரியும் தேங்காய் நாரும் கலந்த மண், அதற்கு மேல் வேகவைத்து உலர்த்திய ஓக் இலை. பாசி வைத்தான், ஒரு மரக்கட்டையைக் கிடத்தினான், கொடி ஏற்றினான். இனி தவளையை விடுவான் என்று பார்த்தால் விடவில்லை. பூச்சியை விட்டான். உப்புத்தூள் மாதிரி வெள்ளையாக ஒன்று, தொட்டால் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறத்தில் ஒன்று. அந்தக் குளிர்காலம் முழுக்க வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா வளக்குற, புழுதியா?" என்று கேட்டேன்.

"வேலைக்காரங்க முதல்ல வந்து செட்டில் ஆகணும், வோக்ட். தவளை போடுற எச்சம், அழுகுற இலை, பூஞ்சை, எல்லாத்தையும் தின்னு மண்ணாக்குறவன் இவன்தான். நான் நாள் பூரா லாரியில அள்ளுறதை இவன் சத்தமில்லாம பண்றான். ஸ்ட்ரைக்கும் கிடையாது."

பிறகுதான் அம்புத் தவளை என்கிற அந்த நீலச் சாதியில் ஒரு ஜோடி வந்தது. நாலு வருஷம் ஓடிவிட்டது. முட்டை போடும், பூஞ்சை பிடிக்கும், ஆர்டெல் ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டான். இந்த ஜூலையில்தான் தேங்காய் ஓட்டுக்கு அடியில் ஒரே ஒரு முட்டை தேறியது. உள்ளே வால் அசைந்தது. தவளை வளர்க்கிற மற்றவர்கள் முட்டையை எடுத்துத் தனியே கிண்ணத்தில் பொரிப்பார்கள். இவன் தொடவில்லை. இந்தச் சாதியில் அப்பன்தான் தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். "அவன் புள்ளை, அவனே தூக்கட்டும்" என்றான்.

அந்த வாரம் புயலடித்து மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் போய் மறுநாள் மதியம், மேலே தரையை உதைக்கிற சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடுகிற முறை அது. ஏறிப் போனேன். அறை அடுப்பாகக் கொதித்தது. பெட்டிக்குள் இருந்த வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் எண்பத்து மூன்றைத் தாண்டியிருந்தது. எண்பத்தைந்துக்கு மேல் அந்தத் தவளை தாங்காது என்பது நாலு வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். பெண் தவளையைப் பிடித்து ஈரக் காகிதம் போட்ட டப்பாவில் வைத்திருந்தான். ஆணைக் காணோம்.

"ஓட்டுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன். முட்டையும் இல்ல, அவனும் இல்ல. தூக்கிட்டான். முதுகுல வெச்சுக்கிட்டு எங்கயோ பதுங்கியிருக்கான்."

"மண்ணைக் கிளறு, கிடைப்பான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விடப் போனேன்.

"கையை எடுய்யா!" ஆர்டெல் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "என்ன பூசியிருக்க?"

கொசு மருந்து. காலையில் முழங்கை வரைக்கும் தேய்த்திருந்தேன்.

"அது ஒரு சொட்டு பட்டாப் போதும். அதுங்க தோலாலதான் தண்ணி குடிக்கும். போய்க் கழுவு. சோப்பு வாசனைகூட இருக்கக் கூடாது, நல்லா அலசு."

கழுவிவிட்டு வந்தேன். கிளறமாட்டேன் என்றான். கிளறினால் கட்டை உருளும், அவன் எதனடியில் இருக்கிறானோ தெரியாது. முதுகில் இருப்பது விழுந்தாலும் முடிந்தது.

"ஐஸ்?"

"கடைக் கதவுலயே இல்லைன்னு எழுதி ஒட்டிட்டான்."

"காருல ஏ.சி.யைப் போட்டு வெச்சா?"

"பெட்டி கார்க் கதவுக்குள்ள நுழையுமா? நீ சாமான் தூக்குறவன்தானே, நீயே சொல்லு."

நுழையாது. கண்ணாலேயே தெரிந்தது. அடுத்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "நிலவறை குளுகுளுன்னு இருக்கும். அப்படியே தூக்கிடலாம்."

ஆர்டெல் பெட்டியைப் பார்த்தான். அடைத்த விரிசலைப் பார்த்தான். பின்பக்க மரப்படியை நினைத்திருப்பான். எண்பத்து நாலு.

"தூக்கு" என்றான்.

எடை குறையட்டும் என்று மூலைக் குழாய் வழியாக அடித் தண்ணீரை வாளியில் உறிஞ்சினோம். தவளையின் தண்ணீர்க் கிண்ணத்தையும் காலி செய்தோம், சிந்தினால் மண் சேறாகிவிடும். பெட்டிக்கு அடியில் பலகை ஒன்றை நுழைத்துத் தோள் பட்டையைப் போட்டேன். விரிசல் மூலை என் பக்கம். கீழே போகிறவன்மேல்தான் பாரம் இறங்கும். அது என் தொழில், அதனால் நான் கீழே. பெண் தவளை டப்பா ஆர்டெலின் சட்டைப் பையில்.

"சாயக் கூடாது, வோக்ட். தட்டு மாதிரி போகணும்."

"பியானோ தூக்குனவன்யா நான்."

"பியானோவுக்குள்ள யாரும் புள்ளையைத் தூக்கிட்டு ஒளிஞ்சிருக்க மாட்டாங்க."

முதல் வளைவு வரை வந்துவிட்டோம். இரண்டாவது வளைவில் டிக் என்று ஒரு சத்தம். என் மணிக்கட்டில் ஈரம் வழிந்தது. வியர்வை என்றே நினைக்க ஆசைப்பட்டேன். கறுப்பாக இருந்தது.

"ஒழுகுது."

"எவ்வளவு?"

"பேசாம இறங்கு."

கீழ்த்தளத்து செனிடா கையில் சாவியோடு நிலவறைக் கதவில் நின்றாள். போஸ்னியாக்காரி, தையல் வேலை செய்கிறவள். ஒரு பெட்டி வைக்கணும் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்ததும் கதவைக் குறுக்கே மறித்துக்கொண்டாள்.

"ஏங்க, இது அந்த விஷத் தவளைதானே? என் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பக்கத்துலயா?"

"விஷமெல்லாம் காட்டுல பூச்சி தின்னு வர்றது, செனிடா. இது என் வீட்டு ஈ தின்னு வளந்தது."

"உங்க வீட்டு ஈ பாதி என் வீட்டுலதான் இருக்கு. அதைப் பத்தி என்ன சொல்றீங்க?"

"அம்மா தாயே, என் முட்டி போகுது" என்று நான் கத்தினேன். "சண்டையைப் பெட்டியை இறக்கி வெச்சுட்டு வெச்சுக்குங்க!"

என் முகம் எப்படி இருந்ததோ, விலகினாள். விலகியதோடு நிற்காமல் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் மேசைமேல் இருந்த ஜாடிகளை அள்ளித் தரையில் வைத்தாள். பெட்டியை இறக்கினோம். விரிசல் அரை விரல் நீளம் கூடியிருந்தது, ஆனால் பிளக்கவில்லை. ஈர மண்ணே அதை அடைத்துக்கொண்டது.

மேல் ஜன்னலில் வந்த வெளிச்சத்தில் மூன்று பேரும் நின்றோம். பெட்டிக்குள் எதுவும் அசையவில்லை. வெப்பமானி மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஆர்டெல் கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து செனிடாதான், "அதோ" என்றாள்.

கட்டைக்குப் பின்னால் இலை ஒன்று மேலெழும்பியது. நீலம் தெரிந்தது. முதுகில் கறுப்பாக, உளுந்து ஒட்டியது போல ஒன்று. ஆண் தவளை இலைமேல் நடந்து நேராகக் கிண்ணத்துக்குப் போனது. விளிம்பில் ஏறி உள்ளே பார்த்தது. இறங்கிச் சுற்றி வந்து மறுபடி ஏறியது.

கிண்ணம் காய்ந்து கிடந்தது. நாங்கள்தான் காலி செய்தோம்.

"தண்ணி" என்றான் ஆர்டெல், உதடு அசையாமல்.

செனிடா குழாய்ப் பக்கம் திரும்பினாள்.

"குழாய்த் தண்ணி வேணாம், மருந்து கலந்தது. புள்ளை செத்துரும். மேல வாளி."

அந்த வாளி எங்கள் தலைக்கு மேலே, இரண்டாம் மாடியில். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். ஒரு குவளை மொண்டுகொண்டு இறங்கியபோது தவளை கிண்ணத்தை விட்டு விலகி, பழையபடி கட்டையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஆர்டெல் மூடியை ஒரு விரல் அகலம் நகர்த்தினான். தவளை உறைந்து நின்றது. அவனும் நின்றான். செனிடா தன் தையல் மெஷினுக்கு எண்ணெய் சொட்டு விடுகிற புதுக் காலிக் குப்பியை, பிரிக்காத உறையோடு, எப்போது எடுத்து வந்தாளோ, நீட்டினாள். அவன் அதில் தண்ணீரை உறிஞ்சி, கண்ணாடியோரமாக ஒவ்வொரு சொட்டாக விட்டான். குப்பை டப்பாவை ஒற்றைக் கையால் வீசுகிற கை அது. சொட்டு கிண்ணத்தில் விழுகிற ஓசை எனக்கே கேட்டது.

கிண்ணத்தின் அடி நனைந்தது. மினுமினுத்தது. தவளை தலையைத் திருப்பியது. நடந்தது, ஏறியது, பின்பக்கத்தைத் தண்ணீரில் இறக்கி உட்கார்ந்தது. அது எழுந்து போனபோது முதுகு வெறும் நீலம். கிண்ணத்தில் வால் ஒன்று துடித்தது.

"இறங்கிடுச்சா?" என்றாள் செனிடா, ரகசியமாக.

ஆர்டெல் தலையை மட்டும் ஆட்டினான். அப்படியே ஊறுகாய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டான். அவள் திட்டவில்லை.

"இதை மறுபடி மேல ஏத்தணும்னா வேற ஆளைப் பாரு" என்றேன்.

"ஏத்துறதா? அது கால் முளைச்சு வெளியே வர்ற வரைக்கும் இங்கதான்."

"யாரைக் கேட்டு?" என்றாள் செனிடா. கேட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த ஜாடிகளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.