பல்லிக்குப் போன எறும்புத்தின்னியின் சீட்டு

பாடம் செய்த விலங்குகளை வைத்திருக்கும் காட்சியகத்தில் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி துடைக்கும் அக்காவுக்கு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பழக்கமே அங்கேதான் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் பெயர்ச்சீட்டுகளைத் துணியால் துடைக்கும்போதே வாய்க்குள் படித்துவிடுவாள். ராத்திரி சாப்பாட்டில் கணவருக்குப் பாடம் நடக்கும். திமிங்கிலம் மீனே இல்லை என்பாள். அந்த மனுஷன் தட்டில் இருப்பது மீன்தானே என்று பார்த்துக்கொள்வார்.

வழிகாட்டி வேலை காலியானதும் துணிந்து விண்ணப்பம் போட்டாள். கூட வேலை செய்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். காப்பாளர் மட்டும், ஒரு வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டட்டும், பின்னாலேயே வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, செதில் உள்ள பிராணிகளின் பெட்டிகள் வரும்வரை. ஒரு சிறுமி எறும்புத்தின்னிக்குக் கீழே இருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தாள்: வீட்டுப் பல்லி, ஊர்வன, அழிந்துபோகும் கவலை இப்போதைக்கு இல்லை. பக்கத்துப் பெட்டியில் விரல் நீளப் பல்லிக்குக் கீழே பாலூட்டி என்றும், அழியும் ஆபத்தில் உள்ளது என்றும் போட்டிருந்தது.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. போன வாரம் துடைத்துவிட்டு மாற்றி வைத்தது அவள் கைதான். பெட்டியைப் பழுதுபார்த்த தச்சர் தலையில் பழியைப் போட்டுவிடலாம். உண்மையைச் சொன்னால் வேலை கை நழுவிப் போய்விடும். ஆனாலும் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"சீட்டை மாத்தி வச்சது நாந்தான். செதிலைப் பாத்துட்டு ரெண்டும் சொந்தம்னு நெனச்சுடாதீங்க. பல்லி முட்டை போட்டுட்டுத் தன் பாட்டுக்குப் போயிடும். இந்த எறும்புத்தின்னி குட்டிக்குப் பால் குடுக்கும். பல்லியைவிடப் பூனைதான் இதுக்குக் கிட்டத்துச் சொந்தம்."

எது அழியப்போகிறது என்று சிறுமி கேட்டாள். பல்லிக்கு என்ன குறை, வீட்டுக்கு வீடு சுவரில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது என்றாள் அக்கா. எறும்புத்தின்னி பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையால் அதைப் பிரிக்க முடியாது. மனுஷன் பிரிக்கவே வேண்டாம், அப்படியே தூக்கிப் பையில் போட்டுக்கொள்வான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எறும்புத்தின்னியின் பெட்டியை நெருங்கி நின்று பார்த்தார்கள்.

வகுப்பு போனதும் காப்பாளர் சுவரில் தொங்கிய தாளின் முன் நின்றார். சீட்டுகள் சரி என்று போன வாரத்திலிருந்து ஆறு நாளும் அவர் போட்ட கையெழுத்து அதில் இருந்தது.

"தெனமும் இந்தப் பக்கமாத்தான் போறேன். நானும் படிக்கல" என்றார். "அடுத்த வகுப்பு பதினோரு மணிக்கு வருது. இனிமே நீங்களே முன்னால போங்க, நான் பின்னால கேட்டுக்கிட்டே வர்றேன்."

சந்தோஷத்தில் அக்கா அடுத்த வகுப்புக்குச் சொல்லப்போவதை அப்போதே வாய்க்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சீட்டுகளை இடம் மாற்றி வைக்கக் காப்பாளர்தான் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது.