இரவல் பிள்ளை

படுவான்கரைப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படி எழுதிவைத்த மனிதர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கதிரையில் இருந்துதான் எழுதினார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மண்சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம், பூட்டிய அறைக்குள், அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலை வாயில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் எங்கள் கரை. கிழக்கே கடலை ஒட்டியது எழுவான்கரை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆறாம் வகுப்புத் தொடங்கலாமா வேண்டாமா என்பதை வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்யும் அதிகாரியை அந்த நாளில் அப்படித்தான் சொல்வோம். எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. என் அம்மா தன் முடிவைச் சொல்லிவிட்டார்: "ஆறாம் வகுப்பு வந்தாப் படி புள்ள. இல்லாட்டி வீட்டில இரு." வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் மூத்த அக்கா வீட்டில்தான் இருந்தாள். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்தே அவள் பொழுதெல்லாம் போயிற்று.

அந்த வருடம் மேலிடத்தில் யாருக்கோ ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் எவ்வளவு தெரியும் என்று. வித்தியாதரிசி இரண்டு கரைகளிலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போகவேண்டும். எங்கள் வாத்தியார் பயப்படவில்லை. சரித்திரம் சொல்லிக்கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்டதும் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் முதல் சொல்லைத் தொடங்கினால் போதும், மிச்சத்தை எல்லாரும் சேர்ந்து பெரிதாகச் சொல்லி முடிப்பார்கள். தெருவில் போகிறவன் கேட்டால் அந்த வகுப்பே பண்டிதர் கூட்டம் என்று நினைப்பான். வாத்தியாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

எழுவான்கரையில், களுதாவளைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எங்கள் வாத்தியாரின் மச்சான் தலைமை வாத்தியார். ஒருநாள் பின்னேரம் மச்சான் தோணி ஏறி வந்தார். வித்தியாதரிசி நாளைக்கு அவர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருக்கிறது, ஊருக்குத் தலைவரான விதானையாரின் மகள். அவள் பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் இருக்கிறாள். பெயரை வெட்டினால் வகுப்புக்கு வேண்டிய தொகை குறைந்துபோகும், விதானையாரும் முகம் கொடுக்கமாட்டார். அதனால் எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை ஒரு நாளைக்கு இரவல் தரவேண்டும்.

கலியாண வீட்டுக்குப் பெரிய கிடாரம் இரவல் கேட்பதுபோலத்தான் கேட்டார். எங்கள் வாத்தியாரும் அப்படித்தான் கொடுத்தார். "எங்களுக்கு வாறதுக்கு இன்னும் ஒரு மாசம் இரிக்கு. ஒரு நாள்தானே, போயித்து வா" என்றார் என்னிடம். கெட்டிக்காரப் பிள்ளையாக அனுப்பினால்தான் மச்சானுக்கு முன்னால் தனக்கு மரியாதை என்று நினைத்திருப்பார். எனக்கோ தோணிப் பயணம் என்ற சந்தோஷம்.

விடியற்காலையில் என்னை நேரே விதானையார் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நான் உடுத்திருந்தது அவர்கள் கண்ணுக்குப் போதாமல் இருந்திருக்கவேண்டும். அவருடைய மனைவி மகளின் பாவாடை சட்டையைக் கொடுத்து உடுத்தச் சொன்னார். அந்த மகள் உள்ளறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் உயரம். பாவாடை எனக்கு நிலத்தில் இழுபட்டது.

"என்ட பேர் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும், சொன்னவங்க."

"கூப்பிட்டா உடனே எழும்பு. யோசிச்சிட்டு நிக்காத." பிறகு, "நல்லாச் சொல்லுகா" என்று மெல்லச் சொன்னாள்.

வித்தியாதரிசி வெளியூர் மனிதர். வாத்தியார்மார் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். யாரும் சைகை காட்டக்கூடாது என்று அவ்வளவு கவனம். வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையே இரவல் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மட்டக்களப்புப் பட்டினத்தில், புளியந்தீவில் இருக்கும் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டார். "ஒல்லாந்தர்!" என்று வகுப்பே கத்தியது. அவர் இடாப்பைப் பார்த்து விதானையாரின் மகளின் பெயரைக் கூப்பிட்டார். நான் பேசாமல் இருந்தேன். இரண்டாம் தரம் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தபிறகுதான் எழும்பினேன்.

"போத்துக்கீசர் கட்டினது, ஒல்லாந்தர் பிடிச்சது, ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் எல்லாரும் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று வகுப்பைக் கேட்டார். எல்லாரும் "ஓம் ஐயா" என்றார்கள். அப்படியானால் எத்தனை பீரங்கி நிற்கிறது என்றார். ஒருவன் நாலு என்றான், ஒருத்தி இருபது என்றாள், இன்னொருவன் நூறு என்றான். கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"நான் பாக்கல்ல, ஐயா."

"பாராமல் எப்படிச் சொன்னாய்?"

"படிப்பிச்சுத் தந்தது. உண்மையோ பொய்யோ எண்டு எனக்குத் தெரியா."

அவர் சிரித்துவிட்டார். "இந்த வகுப்பில் உண்மை பேசுகிற பிள்ளை இது ஒன்றுதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, நெடுநேரம் எழுதினார். ஒருத்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் பெயருக்கு எழும்பி நின்று அந்தப் புகழ்ச்சியைக் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சக் கேள்விகளுக்கு நான் தொடங்க, அந்த வகுப்பும் சேர்ந்து சொல்லி முடித்தது; எப்போது வீட்டுக்குப் போவேன் என்றிருந்தது.

என்னைத் தோணியில் திருப்பிக் கொண்டுவந்து விட்ட அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. வித்தியாதரிசி அடுத்துப் போகவேண்டிய கடற்கரைப் பாதை வெள்ளத்தில் உடைந்துவிட்டது. சும்மா இருக்க விரும்பாத மனிதர், காலையில் தோணி ஏறி எங்கள் கரைக்கு வந்துவிட்டார். துறையில் இறங்கிவிட்டார் என்ற செய்திதான் எங்களுக்கு முதலில் வந்தது. வாத்தியார் வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புள்ள, உன்னைக் கண்டா விளங்கிரும். என்ட சோறும் போயிரும், மச்சான்ட சோறும் போயிரும்."

பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் சாமான் அறை இருந்தது. உட்காரமுடியாமல் உடைந்த வாங்குகளும், சுருட்டி வைத்த தேசப்படங்களும், வௌவால் எச்சமும். என்னை அதற்குள் விட்டு வெளியே பூட்டினார். சுவர் கூரைவரை எட்டாது; அதனால் வகுப்பில் பேசுவது பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்டது.

அதே குரல், அதே கேள்வி. கோட்டையைக் கட்டியது யார்?

ஒரு சத்தமும் இல்லை. என் சிநேகிதிகள் நான் வழக்கமாக இருக்கும் இடத்தைப் பார்த்திருப்பார்கள், வெறும் இடத்தைக் கண்டிருப்பார்கள். கடைசியில் யாரோ "இராசா" என்றார்கள். எந்த இராசா என்று கேட்டார். அதற்கும் சத்தமில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். எல்லாம் எனக்குத் தெரிந்தவை. நேற்று யாரோ ஒருத்திக்காகச் சொன்னவை. முன்றானை போட்டிருந்தால் அதை வாய்க்குள் திணித்திருப்பேன். பாவாடைதானே, அதைப் பிடித்துச் சுருட்டிக் கடித்துக்கொண்டேன். கத்தினால் இரண்டு குடும்பம் பட்டினி. கத்தாவிட்டால் ஆறாம் வகுப்பு இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இப்படி ஒரு கணக்குக்குள் கொண்டுபோய் அடைத்த பெரிய மனிதர்கள் இரண்டு பேர்மேலும் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

பிறகு அவர் இடாப்பை எடுத்துப் பெயர்களைக் கூப்பிட்டார். என் பெயரும் வந்தது, என் சொந்தப் பெயர். என்னை அறியாமல் எழும்பிவிட்டேன். இருட்டுக்குள் தேசப்படம் ஒன்று சரிந்து விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"எலி, ஐயா."

"இந்தப் பிள்ளை எங்கே?"

"காய்ச்சல், ஐயா. கெட்டிக்காரப் பிள்ளை. அது இருந்திருந்தா..."

"இல்லாத பிள்ளையை நான் எப்படிச் சோதிப்பது?" என்றார் அவர். அதில் பிழை ஒன்றும் இல்லை. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் எழுதுகிற நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் என்னைக் கொன்றது. எழுவான்கரையில் அவர் கண்டதும் நடந்ததுதான், எங்கள் வகுப்பில் அவர் கண்டதும் நடந்ததுதான். இரண்டையும் சேர்த்து எழுதினால் தலைகீழான பொய் வரும் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்லக்கூடியவள் அறைக்குள் இருந்தாள்.

அவர் போனபிறகு வாத்தியார் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் பாப்பம்" என்றார்.

அடுத்த வருடம் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எழுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் சரித்திர அறிவு மிக நன்று என்றும், படுவான்கரையில் அது அறவே இல்லை என்றும் அவர் எழுதிவிட்டார். ஆறாம் வகுப்பு வரவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டு சொன்னேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "வெளியில விட்டிராத. ரெண்டு வாத்தியாரும் புள்ள குட்டிக்காரர்" என்றார். அத்துடன் வாயும் அடைபட்டது. வீட்டில் இருந்தேன். சில வருடத்தில் கலியாணம். பிறகு அதே வளவு, அதே கிணற்றடி, அறுவடைக் காலத்தில் வயல் வட்டைக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்டுவது. என் புருஷன் நல்ல மனிதர். ஆனால் பெண்ணுக்கு வெளியில் என்ன வேலை என்று கேட்கிற நல்ல மனிதர்.

விதானையாரின் மகளைப் பற்றிய கதை மட்டும் தோணி ஏறி வந்துகொண்டே இருந்தது. வித்தியாதரிசி நேரே விதானையாரிடம் போய், உண்மை பேசுகிற இந்தப் பிள்ளையை வாத்தியார் வேலைக்குப் படிப்பிக்கவேண்டும் என்று சொன்னாராம். அதைத் தட்ட அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை, பெருமை விடவில்லை. கதவு திறந்தது. அவள் புளியந்தீவுக்குப் போனாள், படித்தாள், ரீச்சரானாள்.

யுத்த காலத்தில், மண்ணெண்ணெய்க்கு ஆளாய்ப் பறந்த நாட்களில், ஒரு பகல் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நல்ல சேலை, கையில் குடை. என்னை மறக்கவில்லை. பாயைப் போட்டு இருக்கச் சொன்னேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தலைமை ரீச்சர் வேலை கிடைச்சிரிக்கு. விழா வைக்காங்க. அந்தப் பழைய வித்தியாதரிசி ஐயாவும் வாறாராம். அண்டைக்கு நான் சொன்ன பதிலை எல்லாருக்கும் முன்னால திருப்பிச் சொல்ல வைக்கணுமாம்."

எனக்கு விளங்கிவிட்டது.

"என்ன சொன்னாய் கா நீ?" என்று கேட்டாள். குரல் கெஞ்சியது. "இத்தனை வருஷமா என்னை அந்தப் பதிலைச் சொன்ன பிள்ளை எண்டுதான் எல்லாருக்கும் காட்டுறாங்க. வகுப்பில இருந்தவங்களக் கேட்டா ஒருத்தி நீ ராசாக்கள் பேரெல்லாம் சொன்னாய் எண்டுறாள், ஒருத்தன் நீ இங்கிலீசில சொன்னாய் எண்டுறான். எனக்கு ஒண்டும் தெரியா. சிரிச்சிச் சிரிச்சே சமாளிச்சிட்டன்."

சொன்னேன். கோட்டையைப் பார்த்தாயா என்று கேட்டார், பார்க்கவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான் என்று.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "நான் பாத்திருந்தனே புள்ள! அப்பா கோட்டைக்குள்ள இரிக்கிற அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாப் போகக்குள்ள சின்னனிலயே என்னையும் கூட்டித்துப் போனவர். பீரங்கிக்கு மேல ஏறி இருந்திரிக்கன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது, அடக்கமுடியாத சிரிப்பு. அவளுக்குக் கோபம் வந்து, பிறகு அவளும் சிரித்து, சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். உண்மை பேசிய பிள்ளை என்று கைதட்டு வாங்க, அவள் இனி மேடையில் நின்று பொய் சொல்லவேண்டும். அவளை அவள் வீட்டு உள்ளறையிலிருந்து விடுவித்தது நான்தான் என்று எனக்கு இடைக்கிடை ஒரு பெருமை இருந்தது. என் பதிலுக்குள்ளேயே அவளை அடைத்திருக்கிறேன் என்று கண்டதும் அன்றைக்கு அதுவும் போயிற்று.

தோணிக்காரன் துறையில் நின்று கூப்பிட்டான். அவள் எழும்பினாள். கடப்படியில், வேலி திறக்கிற இடத்தில், நின்று திரும்பினாள்.

"இப்பயாவது நீ கோட்டையப் பாத்தியா?"

"இல்ல" என்றேன். "இன்னும் பாக்கல்ல."

"அப்ப விழாவுக்கு வாவன், நானே கூட்டித்துப் போய்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அந்தக் கிழவர் அங்கே இருப்பார். என் முகத்தை அவர் மறந்திருக்கவும் கூடும், மறக்காமல் இருக்கவும் கூடும். அவள் குடையை விரித்தாள், சுருக்கினாள், மறுபடி விரித்தாள்.

"விழா முடியட்டும். பிறகொரு நாளைக்குக் கூட்டித்துப் போறன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் "ஓம்" என்று சொல்லி, துறைவரை கூடப் போகாமல் கடப்படியிலேயே நின்றுகொண்டேன்.