ஈ எறும்புகூடச் சாகாது

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அந்தக் கம்பெனியின் கிளை இருந்தது. அறுபதுகளின் நடுவில் ஒன்றரை வருஷம் அங்கே குமாஸ்தாவாக இருந்தேன். கம்பெனி என்ன தொழில் செய்தது என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜனங்கள் பணம் கட்டுவார்கள், நான் ரசீது போடுவேன், பணம் மெட்ராஸுக்குப் போகும், மாசாமாசம் வட்டி வரும். நடுவில் என்னதான் நடந்தது?

இந்தக் கேள்வி என்னை உட்காரவிடாது. மேசையில் கிடந்த விளம்பரத் தாள்களை எத்தனை தடவை படித்திருப்பேன்! தாய்க் கம்பெனி, அதற்கொரு கிளைக் கம்பெனி, அதற்கொரு சகோதரக் கம்பெனி. சொந்தபந்தமெல்லாம் அச்சடித்திருந்தது, தொழிலை மட்டும் காணோம். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், ராஜகிரிக் கோட்டையைப் பார்ப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். மேனேஜரிடம் கேட்டால், "உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? ஒழுங்கா ரசீதப் போடு" என்பார். அவருக்கும் தெரியாது என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

ஒருநாள் மேல்சித்தாமூரிலிருந்து சமணக் குடும்பத்து நைனார் ஒருவர் படியேறி வந்தார். அவர் நிலத்தில்தான் எங்கள் அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார், அதனால் என்னைத் தெரியும். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மகளுக்காக ஒரு காணி விற்றிருந்தார். தனக்குப் பிறகு அவள் யார் கையையும் பார்க்காமல் வட்டியில் காலம் தள்ளவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மேனேஜர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நைனார் உட்காரவில்லை. "என் பணத்த வச்சி நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"வளர்ப்போம்ங்க."

"அதான், எத வச்சி வளப்பீங்க? தோல் ஷாப்புக்குப் போவுதா, மீன் புடிக்கிற படகுக்குப் போவுதா? ஒரு உயிரக் கொன்னு வர்ற வட்டி எங்களுக்கு வாணாம். அந்தப் பாவம் என் பொண்ணு தலையில வுழும்."

வட்டி எவ்வளவு என்று கேட்காதவர் ஊரில் இல்லை. பணம் எங்கே போகிறது என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்டுச் சொல்றேன் அய்யா" என்றேன். சமணர்கள் இருட்டியபின் சாப்பிடமாட்டார்கள், அதனால் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

எழுதினேன். பதில் வந்தது: 'தங்கள் மேலான கடிதம் கிடைத்தது. நமது முதலீடுகள் பலதரப்பட்டவை.' கூடவே இரண்டு காலண்டர். வந்த ஆத்திரத்தில் காலண்டரைச் சுருட்டி மேசையில் அடித்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவர் பணம் வந்துச்சின்னா உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறேன்."

அடுத்த வாரம் நைனார் வந்தார். "விசாரிச்சியாப்பா?"

"விசாரிச்சிட்டேன் அய்யா. ஈ எறும்புகூடச் சாகாது."

 பணம் இருந்த துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். வேலை நிரந்தரமான கடிதம் கைக்கு வந்தபோது, இரண்டாம் தடவை படிக்காமல் டிராயரில் போட்டு மூடினேன்.

பத்து மாசம் வட்டி வந்தது. அடுத்த மாசம் மேனேஜர் ஏதோ கூட்டம் என்று மெட்ராஸ் போனார், திரும்பவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீழே கூட்டம் கூடி என் பரம்பரையையே திட்டியது. திட்டட்டும், அது தேவலை. நைனார் எப்போது வருவாரோ என்று படியைப் பார்த்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

நாலாம் நாள் வெயில் இறங்கும் நேரத்தில் வந்தார். திட்டவில்லை. "பணம் போனது தெரியும். அத்த வச்சி இன்னாதான் பண்ணாங்க, அதையாவது சொல்லு. எதனா உயிர் செத்துச்சா?"

"தெரியாது அய்யா."

"அன்னிக்கி?"

"அன்னிக்கும் தெரியாது."

"அப்ப அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா. எடுத்துகினு போயிருப்பனே."

 பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும், இருட்டினால் எதையும் தொடமாட்டார். கீழே ஓடி நாலு வாழைப்பழம் வாங்கி வந்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"வாணாம்பா. ஊட்ல என் பொண்ணும் காத்துகினு இருப்பா. நான் போவாம சாப்புட மாட்டா" என்று சொல்லிப் படியிறங்கினார்.