வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு பூக்கடை

கேரளத்தில் வாழும் தமிழர் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும். இது விதி. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற எனக்கு மாத்திரை மறந்தாலும் விதி மறப்பதில்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட எனக்கு, சாலைக் கம்போளம் என்னும் பெரிய கடைத்தெருவில் ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை: தமிழர் தமிழரிடமே மலையாளத்தில் பேரம் பேசுவது. தோவாளையிலிருந்து பூ கொண்டுவரும் பாக்கியத்திடம் நானும் அப்படித்தான் பல காலம் பிச்சிப்பூ வாங்கினேன். ஒருநாள் அவள் கூடையை ஆட்டோ ஒன்று உரசிப்போக, ஓட்டுநரின் பாட்டன் வரை இழுத்துத் திட்டினாள். அசல் தெற்கத்தித் தமிழ். ஊர் போய் இறங்கியதுபோல் இருந்தது. ஊரிலோ என் பேச்சைக் கேட்டு, "மலையாளத்துக்காரர் வந்தாச்சா?" என்கிறார்கள்.

அந்த ஆவணியில் மாநகராட்சிக்காரர்கள் தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டு, அதைத் தாண்டிக் கடை விரிக்கக் கூடாது என்றார்கள். பாக்கியத்தின் இடம் கோட்டைத் தாண்டி விழுந்தது. ஓணத்துக்கு வீடுகள்தோறும் பூக்கோலம் போடும் பத்து நாள் வியாபாரத்தில்தான் அவள் வருஷம் ஓடும். முதல் நாளான அத்தம் தொடங்கி, ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடம் வரையாவது பழைய இடம் கேட்டு நான் மனு எழுதினேன், தமிழில்.

"சாரே, பூ சாயங்காலம் வாடிரும். மலையாளத்துலயே எழுதித் தொலைங்க."

"விதி இருக்கு, பாக்கியம்."

"விதி எனக்குல்லா இருக்கு!"

அலுவலகத்தில் குமாஸ்தா மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வாயிக்கான் இவிடே ஆளில்லல்லோ. சார் நல்ல மலையாளம் பறயுந்நுண்டல்லோ, பின்னே எந்தினா?"

படிக்க ஆளில்லையாம்; நல்ல மலையாளம் பேசுகிறவனுக்குத் தமிழ் மனு எதற்காம். விதியைச் சொன்னேன். ஏதோ நோய் என்று நினைத்தார் போலும். உட்கார நாற்காலி தந்தார். மனு மொழிபெயர்ப்புக்குப் போனது.

அத்தம் வந்தது; பதில் வரவில்லை. பாக்கியம் கூடையை இடுப்பில் வைத்து நின்றபடி விற்றாள். போலீஸ் விசில் கேட்டால் ஓடவேண்டும். ஒரு கூடையை நான் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். வந்தவர்களிடம் மலையாளத்தில் விலை சொன்னேன், விசில் கேட்டதும் தமிழில், "பாக்கியம், வாறான்!" என்று கத்தினேன். விதி பேசுகிறவன் செய்யும் வேலைதான்.

கடைசியில், கூடைகளில் நாரும் காம்பும் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு மாலை, அன்று தபாலில் வந்த கடிதத்தைக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டினேன். பிழையில்லாத தமிழ்.

"என்ன போட்டிருக்கு?"

"உட்காரலாமாம்."

"எது வரைக்கும்?"

"இன்னைக்கு வரைக்கும்."

சிரித்தாள். சாக்கை விரித்துப் பழைய இடத்தில் உட்கார்ந்து, எனக்கும் ஓரத்தில் இடம் விட்டாள். சாக்கு கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. முழங்கால் வலிக்க நானும் உட்கார்ந்தேன்.

பதில் கிடைத்த நாள்: உத்திராடம்.