கோடாலிக்கும் லீவு

கல்லிடைக்குறிச்சியை விட்டுக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. வயிற்றில் காலையில் குடித்த ஒரு டீ. வேலை? அதை அன்று காலையில்தான் விட்டிருந்தேன்.

அப்பளக் கம்பெனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். அவ்வளவுதான். முதலாளிக்குக் கொஞ்சம் இலக்கியத் தமிழும் வரும். வானத்தைக் கையால் காட்டினார்.

“அங்கன பாரும். ஞாயிறே லீவு போடல. உமக்கு எதுக்குவே?”

நல்ல தமிழ்தான். ரசித்தேன், சிரித்தேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் வேலையை விடுவது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் புதிதா என்ன?

சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரமாக ஒரு வாழைத்தோட்டம். உள்ளே வீடு. தார்கள் முற்றி, வெட்டுக்கு நின்றன. ஆள் தேவைப்படுமே... கேட்டைத் திறந்து உள்ளே போனேன். தோட்டக்காரர் சாமுவேல் அண்ணாச்சி அப்போதுதான் வேதக்கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதப்புத்தகம். என் வயதுதான் இருக்கும்.

வேலை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் ஓய்வுநாளில் வேலையைப் பற்றிப் பேசுவதுகூட இல்லையாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இப்போது உட்கார்ந்து சாப்பிடும் என்றார்.

அங்கேதான் சிக்கல். நான் ஓசியில் சாப்பிட்டதில்லை. பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன்... கை நீட்டியதில்லை. ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு இருக்கிற ஒரே சொத்து அது. அதை ஒரு தட்டுச் சோற்றுக்குக் கொடுத்துவிட முடியுமா?

சுற்றிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் பிளக்காத புளிய விறகு கிடந்தது. பக்கத்திலேயே கோடாலி. நாலு கட்டையைப் பிளந்துவிட்டால் சோறு ஓசி ஆகாதே! ஒரு போடுதான் போட்டிருப்பேன் - அண்ணாச்சியின் மனைவி ஜெபமணி அக்கா வந்துவிட்டார்.

“அண்ணே, கோடாலிய மெல்ல கீழ வைங்க. ஓய்வுநாள்ல இங்கன மாடுகூட வேலை செய்யப்படாது.”

நான் இந்த வீட்டு ஆளும் இல்லை, வேதக்காரனும் இல்லையே என்றேன்.

“வாசலுக்குள்ள இருக்க அந்நியனும் செய்யப்படாதுன்னுதான் கட்டளை. நீங்க உள்ள வந்துட்டிய.”

“அப்போ கட்டைய ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பிளக்கேன்.”

வீட்டுக்குள்ளிருந்து அண்ணாச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. கோடாலியை வாங்கி, சாமான் வைக்கிற உள்ளறையான அரங்குவீட்டில் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வேலையே செய்யாதவனுக்கு ஓய்வு எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். பசி அப்படி.

அண்ணாச்சி வெளியே வந்தார்.

“வே, கடவுள் மனுசன என்னைக்குப் படைச்சாரு? ஆறாம் நாளு. மறுநாள் ஓய்வு. அவன் என்ன, தார் வெட்டிக் களைச்சா போயிருந்தான்? கண்ணு முழிச்சதும் லீவுவே அவனுக்கு. பொறவுதான் வேலை.”

ஓய்வு என்பது உழைப்புக்குக் கிடைக்கிற கூலி என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இல்லையாம்... அது முதலிலேயே சும்மா கொடுத்ததாம். எனக்கு வேலை செய்யத் தெரியும். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தெரியுமா?

உட்கார்ந்தேன்.

சனிக்கிழமையே வைத்த மீன்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அடுப்புக்கும் லீவு. குழம்புகூட ஒரு ராத்திரி ஓய்வெடுத்தால்தான் ருசி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டுக் கேட்டுச் சோறு வாங்கினேன்!

அப்புறம் வேப்பமரத்தடியில் சும்மா இருந்தேன். நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். கால் தானாக இரண்டு தடவை கேட் வரை போய்த் திரும்பியது. மூன்றாவது தடவை போகவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அக்கா அரங்குவீட்டைத் திறந்து, கோடாலியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முதலில் அந்தக் கட்டையை முடித்துவிட்டு, தார் வெட்ட வரச் சொன்னார்.

முதல் நாள் லீவு கொடுத்துவிட்டு, மறுநாள் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிற முதலாளியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?